கம்பியின் மேல் குற்றமில்லை

உங்கள் ஆபீசில் தேயிலையைக் கொதிக்க விட்டுக் கொல்கிறார்கள் சார். தூள் நல்ல தூள்தான். ஆயுசெல்லாம் கொழுந்து கிள்ளியவளுக்கு வாசனையிலேயே தெரிந்துவிடும். தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டுத்தான் தூளைப் போட வேண்டும், கொஞ்ச நேரம் மூடி வைக்க வேண்டும். சந்துரு தம்பியிடம் சொன்னேன், சிரிக்கிறான். சிரிக்கட்டும். அவன்தானே நான் சொல்வதை எழுதப்போகிறான், ஒரு வாய் குடித்துவிட்டு உட்காரட்டும்.

என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை, முதலில் அதை எழுதச் சொல்லுங்கள். ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்து தேவிகுளத்தில் இறங்கி, ஃபாரஸ்ட் ஆபீஸ் எது என்று நானே வழி கேட்டு வந்தேன். என் பெயர் சந்தனமேரி. வீட்டுக்காரர் சூசையப்பன். பெருங்கானம் எஸ்டேட், கீழ் லயம், தொழிலாளி வீட்டு வரிசையில் கடைசி வீடு.

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். மேல் கானத்து வெடிப்பலா மரத்தில் கூடு வைத்திருந்த ஆண் இருவாச்சி, மலையாளத்தில் வேழாம்பல் என்பீர்களே, அது கரண்டு அடித்துச் சாகவில்லை. கொன்றது நான். கம்பியின் மேல் குற்றமில்லை. இவ்வளவுதான். இதற்கு ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டிருந்தால் மதிய ஜீப்புக்கே திரும்பியிருப்பேன். நீங்கள் ஏன், எதற்கு என்கிறீர்கள். சரி, சொல்கிறேன். வாய் இருக்கிறவள் சொல்லத்தான் வேண்டும்.

என் வீட்டுக்காரர் எஸ்டேட்டில் நிழல் மரம் ஏறுகிறவர். தேயிலைக்கு நடுவே நிற்கிற சில்வர் ஓக் மரங்களில் ஏறிக் கிளை கழிப்பதுதான் வேலை. குரங்கு தோற்றது போங்கள், அப்படி ஏறுவார். ஒரு மழைக்காலத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. கட்டிலோடு கிடந்தார். நான் ரிட்டையர் ஆனதும் வீட்டைக் காலி பண்ணச் சொல்லியிருக்க வேண்டும், லயம் கம்பெனிச் சொத்துதானே. ஆனால் மானேஜர் நல்ல மனுஷன். "சூசையப்பன் இருக்கிற வரைக்கும் இந்த வீடு உங்களுக்குத்தான், யாரும் கேக்க மாட்டாங்க" என்று வாயால் சொன்னார். காகிதம் ஒன்றும் கிடையாது, வாய்வார்த்தைதான். எங்களுக்குப் பிள்ளை கிடையாது. ஊர் என்று சொல்லத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பெயர் உண்டு, அங்கே எங்களுக்கு ஒரு ஓடுகூட இல்லை. அந்த ஒற்றை அறையும் சமையல் சாய்ப்பும்தான் சார் எங்கள் உலகம். கட்டிலிலிருந்து பார்த்தால் ஜன்னல் வழியே அவர் ஏறின மரங்கள் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே நாளைக் கழிப்பார்.

பெரிய கரண்டு லைன் வரப்போகிறது என்று போன வருஷம் பேச்சு வந்தது. மலையைத் தாண்டிக் கிழக்கே போகிற லைன், வானம் முட்டுகிற டவர்கள். வழி இரண்டு பார்த்து வைத்திருந்தார்கள். ஒன்று மேல் கானத்துச் சோலைக்கு மேலே. இன்னொன்று எங்கள் கீழ் லயத்துக்கு மேலே. லயத்து வழி என்றால் கடைசி வீட்டில் டவரின் கால் நிற்கும். கடைசி வீடு எங்கள் வீடு.

எந்த வழி என்று முடிவு பண்ணும் முன்னால் பறவைகளைப் படிக்க வேண்டுமாம். அதற்காக டின்சி என்ற பெண் வந்தாள். கோட்டயத்துப் பிள்ளை, தோளில் கேமரா, காலில் அட்டைக்குப் பயந்து முழங்கால் வரை துணி உறை. எங்களைப் படிக்க யாரும் வரவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். டின்சி நல்ல பெண். கள்ளம் கபடம் கிடையாது. வெடிப்பலா மரத்தில் இருவாச்சிக் கூட்டைப் பார்த்த அன்றைக்கு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். சோலைக்குள் விறகுக்குப் போகிறவள் என்பதால் என்னையே கூட்டுக்குக் காவல் வைத்தாள். வேறு யாரும் கிட்டே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை. மரத்துக்கு எதிரே நீலப் படுதாவில் ஒரு குடிசை போட்டுக் கொடுத்தார்கள்.

அந்தப் பட்சியின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெண் பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வாசலை மண்ணும் எச்சமும் வைத்து அடைத்துவிடும். ஒரு விரல் நுழைகிற கீறல் மட்டும் விட்டிருக்கும். உள்ளே சிறகெல்லாம் உதிர்ந்துபோகும், வெளியே வந்தாலும் பறக்காது. ஆண் பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஒவ்வொன்றாக ஊட்டும், தாய்க்கும் குஞ்சுக்கும். "ஆண் வரலேன்னா உள்ள ரெண்டும் பட்டினிதான் சேச்சி" என்றாள் டின்சி. கம்பி வந்தால் என்ன ஆகும் என்றும் சொன்னாள். பெரிய பட்சி கீழே பழமரத்தைப் பார்த்துக்கொண்டே பறக்குமாம், முன்னால் நிற்கிற கம்பி கண்ணில் படாதாம். மூடுபனியாக மஞ்சு இறங்கிவிட்டால் சுத்தமாகத் தெரியாதாம். அன்று வீட்டுக்கு வந்து அவரிடம் இதைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "நல்ல ஆம்பள. உன்னை மாதிரி" என்றார். நானும் சிரித்தேன்.

லைனுக்கு அளவெடுக்கிற பிரதீப் என்பவர் எங்கள் முற்றத்து வழியாகத்தான் போவார், வருவார். அவர்தான் ஒரு நாள் தண்ணீர் கேட்டு நின்றபோது சொன்னார். "சேச்சி, மேல அந்தக் கூடு இல்லேன்னா லைன் நேரா சோலை வழி போயிடும். கூடு இருக்கிற வரைக்கும் இங்கதான் வரும். ஞான் என்ன செய்யட்டும்?" தண்ணீரைக் குடித்துவிட்டுச் செம்பைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். மரியாதை தெரிந்த ஆள்.

நான் மானேஜரிடம் போனேன். டவர் வந்தால் வேறு லயத்தில் இடம் இல்லை, ரிட்டையர் ஆனவர்களுக்குக் கொடுக்க வழியே இல்லை என்றார். பஞ்சாயத்தில் பட்டா கேட்டார்கள். பட்டா இருந்தால் நான் ஏன் அங்கே நிற்கிறேன்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். டின்சியிடமும் சொல்லி அழுதேன் சார். அவளும் அழுதாள். "என் வேலை பட்சிகளைப் பத்திச் சொல்றது மாத்திரம் சேச்சி. வீடுகளைப் பத்தி வேற ஆட்கள் சொல்லணும்" என்றாள். அந்த வேற ஆட்கள் யார் என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியவில்லை.

ஆக, கூட்டில் ஒரு குடும்பம், லயத்தில் ஒரு குடும்பம். அதிலும் ஒன்று வெளியே போய்க் கொண்டுவரும், ஒன்று உள்ளே கிடக்கும். இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும் என்று ஆக்கியது நான் இல்லை.

என் வீட்டுக்காரர் கைகளுக்கு ஒரு குறையும் கிடையாது. மரம் ஏறுகிற காலத்தில் கயிற்றில் போடுகிற முடிச்செல்லாம் விரலில் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் நட்டிருந்த கப்பைக் கிழங்கை முள்ளம்பன்னி தோண்டுகிறது, ஒரு சுருக்குப் போட்டுக் கொடுங்கள் என்று நைலான் கயிற்றைக் கொடுத்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு வேலை கேட்கிறேன் என்று அவருக்குச் சந்தோஷம். இழுத்து இழுத்துப் பார்த்துக் கொடுத்தார். "இதுல மாட்டினா மாட்டினதுதான்" என்றார்.

சோலைச் சரிவில் ஓர் அத்தி மரம். வேர் பள்ளத்தில் இருக்கும், உச்சிக் கிளை ஒற்றையடிப் பாதைக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கும். ஆண் பட்சி பழம் தின்றுவிட்டு, கூட்டுக்குப் போகும் முன் அந்தக் கிளையில்தான் உட்காரும். காவல்காரிக்கு இது தெரியாமல் இருக்குமா? சுருக்கை அந்தக் கிளையில் கட்டினேன். அன்று காலை நல்ல மஞ்சு. கால்தான் மாட்டியது. நான் சாக்கைப் போட்டு அமுக்கினேன். ஒரு கைக்குழந்தை கனம் இருந்தது. மிச்சம் கோழிக்குச் செய்கிறதுதான், அதை விவரிக்க வேண்டாம். செத்த பிறகு தொண்டையிலிருந்து அத்திப்பழங்கள் ஒவ்வொன்றாக உருண்டு வெளியே வந்தன. ஒன்றுகூட நசுங்கவில்லை. அவற்றைக் காலால் தள்ள மனசு வரவில்லை, பொறுக்கி மரத்தடியில் வைத்தேன். நானும் மனுஷிதானே.

காணாமல் போனால் தேடுவார்கள். என் மேல்தான் முதலில் கேள்வி வரும். எஸ்டேட்டுக்குள் ஏற்கெனவே ஒரு பழைய கரண்டு லைன் போகிறது, லயத்துக்கு வெளிச்சம் தருகிற சின்ன லைன். அதன் கீழே போட்டுவிட்டால் கம்பி அடித்ததாகத்தான் நினைப்பார்கள். சாயங்காலம் சாக்கோடு வீட்டுக்கு வந்தேன். கரண்டு அடித்தால் கருகியிருக்க வேண்டும் இல்லையா, அதனால் ஒரு பக்கத்துச் சிறகை அடுப்பில் காட்டினேன்.

அங்கேதான் அவருக்குத் தெரிந்தது. ஒற்றை அறையில் எதை மறைக்க முடியும்? கட்டிலில் கிடந்தபடியே, "என்ன மேரி, கோழியா?" என்றார். ஆமாம் என்றேன். "கோழி றெக்கை இப்படி நாறாதே" என்றார். தலையைத் திருப்பிப் பார்த்தார். அந்தக் கருப்பு வெள்ளைச் சிறகு அடுப்படியில் விரிந்து கிடந்தது, அந்த மஞ்சள் கொண்டையும். பிறகு, "என் சுருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"உங்களுக்காகத்தான்" என்றேன். வேறு என்ன சொல்வது, அதுதானே உண்மை.

மறுநாள் கொழுந்துக்குப் போன பெண்கள் கம்பியடியில் பட்சியைப் பார்த்துக் கூப்பாடு போட்டார்கள். டின்சி ஓடி வந்து மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு படம் எடுத்தாள், அளந்தாள், மேலே இருக்கிறவர்களுக்கு எல்லாம் அனுப்பினாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

இரண்டொரு நாளில் பிரதீப் வந்தார். "மேல் வழி கேன்சல் சேச்சி. இத்தனூண்டு கம்பியிலேயே ஒரு வேழாம்பல் செத்தா, அந்தக் காட்டு மேல பெரிய கம்பி கொண்டுபோக யாரு கையெழுத்துப் போடும்?" என்றார்.

புரிகிறதா சார்? கூடு இல்லையென்றால் லைன் மேலே போகும் என்று பட்சியைக் கொன்றேன். தப்பிக்கலாம் என்று அதைக் கம்பியடியில் போட்டேன். கம்பி பட்சியைக் கொல்லும் என்பதற்கு நானே சாட்சி உண்டாக்கிக் கொடுத்துவிட்டேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதை. படித்தவளாக இருந்தால் பள்ளத்தில் புதைத்திருப்பேன். அன்றைக்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொண்டேன், உருவகமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அடித்துக்கொண்டேன். அவர் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

பிரதீப் போகும்போது இன்னொன்றும் சொன்னார். இனி அங்கே அந்தப் பட்சியே இல்லை என்று ஆனால், வேண்டுமானால் மறுபடி கேட்டுப் பார்க்கலாம் என்று. பேச்சுக்குச் சொன்னாரோ என்னவோ. முங்குகிறவளுக்குத் துரும்பு கிடைத்த மாதிரி நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

ஏனென்றால் பெண்ணும் குஞ்சும் உயிரோடு இருந்தன. டின்சி விடவில்லை. நீள மூங்கிலின் நுனியில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கட்டி, அதில் அத்திப்பழம் வைத்து, பொந்தின் கீறலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உள்ளேயிருந்து அலகு நுனி வந்தது, ஒரு பழத்தை எடுத்தது, பிறகு இன்னொன்று. டின்சி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளுக்குத் திருவனந்தபுரத்தில் கூட்டம் இருந்தது. "நான் வர்ற வரைக்கும் நீங்கதான் அதுக்கு ஆண் பட்சி சேச்சி" என்று மூங்கிலை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

நான் தினமும் போனேன். பழம் கொண்டுபோகிறேனா என்று யாராவது பார்ப்பார்கள் என்று உதிர்ந்ததைக் கூடையில் பொறுக்கிக்கொண்டும் போனேன். மூங்கிலைத் தூக்கவில்லை. பழத்தைப் பள்ளத்தில் கொட்டிவிட்டுக் குடிசையில் உட்கார்ந்திருப்பேன். பெண் முதலில் பெரிதாகக் கத்தியது, சோலையே அதிரும். பிறகு உள்ளேயிருந்து அலகால் மண்ணைத் தட்டுகிற சத்தம். பிறகு குஞ்சின் சத்தம் மட்டும். நான் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்பேன். விஷம் வைக்கவில்லை, கல்லெறியவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன், அதற்கு உங்கள் சட்டத்தில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்தால் அவர் கேட்பார். "அதுக்குக் குடுத்தியா மேரி?"

"குடுத்தேன்."

"கையக் காட்டு."

அத்தியைக் காம்போடு பறித்தால் பால் வடியும். கையில் பட்டால் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு கருத்துவிடும், சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. மரம் ஏறினவருக்கு அது தெரியாதா? உதிர்ந்ததைப் பொறுக்கினவள் கையில் பால் ஏது? என் கை சுத்தமாக இருந்தது. அவர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். கஞ்சியைக் கொண்டுபோனால், "அதுக்குக் குடுத்துட்டு வா. அப்புறம் நான் குடிக்கேன்" என்பார். தவக்காலம் நடந்துகொண்டிருந்தது சார். ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருப்பது எங்கள் சபையில் வழக்கம்தான். அப்படித்தான் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். தண்ணீர் மட்டும் குடிப்பார்.

பிறகு சத்தம் போட ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுச் சின்னத்தாயைக் கூப்பிடுவார். "ஏ சின்னத்தாயி, யாரையாச்சும் சோலைக்கு அனுப்பு தாயி, அந்தப் பட்சி சாவுது" என்று. சின்னத்தாய் வந்து எட்டிப் பார்த்தாள். காய்ச்சலில் பிதற்றுகிறார், ஒட்டுகிற காய்ச்சல், கிட்டே வராதே என்று சொன்னேன். ஜன்னலில் சாக்கை மடித்து அடைத்தேன். குளிராகவும் இருந்தது.

ஏன் சார் பேனாவை நிறுத்தச் சொன்னீர்கள்? நான் பட்சியைப் பற்றிச் சொல்ல வந்தேன். அவரைப் பற்றி நீங்கள் கேட்டால் சொல்கிறேன், மறைக்க ஒன்றும் இல்லை.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து சாமியார் வருவார். எழுந்திருக்க முடியாத நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுவந்து கொடுப்பார், பாவசங்கீர்த்தனமும் கேட்பார். அந்த வெள்ளிக்காக இவர் காத்திருந்தார். என்னிடம் ஒளிக்கவும் இல்லை. "சாமி வரட்டும். என் முடிச்சுதான் கொன்னுச்சுன்னு சொல்லுதேன். பொண்ணையும் குஞ்சையுமாவது காப்பாத்தச் சொல்லுதேன்" என்றார்.

"பாவசங்கீர்த்தனத்துல சொன்னா சாமி வெளியே சொல்லக் கூடாதுங்க" என்றேன்.

"அதுல சொல்ல மாட்டேன். சத்தமாச் சொல்லுவேன்" என்றார்.

கெஞ்சினேன். காலைப் பிடித்தேன், உணர்ச்சியில்லாத காலைப் பிடித்து என்ன பிரயோஜனம். வீடு போய்விடும், உங்களைத் தூக்கிக்கொண்டு எந்தத் தெருவில் கிடப்பேன் என்று கத்தினேன். "அது என்ன பாவம் செஞ்சுது மேரி?" என்று திருப்பித் திருப்பி அதையே கேட்டார். பிடிவாதக்காரர். கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான்.

ஆகவே வியாழக்கிழமை விடியலில் சின்னத்தாயிடம், அவரை ராத்திரியே ஜீப்பில் தேனி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன், என் தங்கச்சி கூட இருக்கிறாள் என்று சொன்னேன். மஞ்சில் யார் போனார்கள், யார் வந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீரும் பன்னும் ஃபிளாஸ்கில் கஞ்சியும் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தேன். வெளியே பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். சாமியார் வந்து போகிற வரைக்கும்தான், வெள்ளி சாயங்காலம் திறந்துவிடலாம் என்றுதான் சார் நினைத்தேன்.

சாமியார் வந்தார், பூட்டைப் பார்த்தார், போய்விட்டார். ஆனால் அவர் போன கையோடு பிரதீப்பின் ஆட்கள் வந்துவிட்டார்கள். கீழ் வழிதான் என்று ஆகிவிட்டதே, டவருக்கு இடம் அளக்க வேண்டும். கோடை மழை பிடித்துக்கொண்டது. வேலை முடியாமல் என் முற்றத்திலேயே படுதா கட்டித் தங்கிவிட்டார்கள். பகலிலும் ஆள், ராத்திரியிலும் ஆள். அவர் இல்லாத அறையில் தனியாகப் படுக்க முடியவில்லை என்று சொல்லிச் சின்னத்தாய் வீட்டில் படுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் இருக்கிற மனுஷனை வீட்டுக்குள் எப்படித் திறந்து காட்டுவது? மழை தகரத்தில் விழுகிற சத்தத்தில் வேறு ஒன்றும் கேட்காது. முதலில் "மேரி, மேரி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார், எனக்கு மட்டும் கேட்டது. பிறகு தொண்டை கட்டிவிட்டது. பிறகு செம்பால் கட்டில் சட்டத்தில் தட்டினார். மழை கொஞ்சம் விட்ட நேரத்தில் பிரதீப், "உள்ள எந்தா ஒரு சத்தம்?" என்றார். "எலி" என்றேன். அவர்கள் என் கதவு நிலையில் சிவப்புப் பெயின்டில் அடையாளம் போட்டார்கள். நான் பக்கத்தில் நின்று பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டேன்.

அவர்கள் படுதாவைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிய பிறகு திறந்தேன். போயிருந்தார். செம்பில் தண்ணீர் இல்லை. பன் அப்படியே இருந்தது, பூஞ்சை பிடித்து. ஃபிளாஸ்கைத் தொடவே இல்லை. இதை நன்றாக எழுதிக்கொள் சந்துரு. நான் யாரையும் பட்டினி போடவில்லை. வைத்துவிட்டுத்தான் பூட்டினேன்.

குளிப்பாட்டி வேட்டி கட்டிவிட்டு, விடியலில் சின்னத்தாயைக் கூப்பிட்டேன். டாக்டர் கைவிரித்துவிட்டார், கொண்டுவந்து படுக்க வைத்ததும் உயிர் போய்விட்டது என்றேன். காய்ச்சல் என்று எல்லாருக்கும் தெரியும். நல்லபடியாக அடக்கம் நடந்தது. சாமியார் என் தலையில் கை வைத்தார். அடக்கத்தன்றே டின்சியும் திருவனந்தபுரத்திலிருந்து வந்து சேர்ந்தாள். சோலைக்குப் போய்ப் பொந்துக்குள் கேமராவை விட்டுப் பார்த்தாள். பார்த்துவிட்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "வீட்டுல இப்படி ஒரு கஷ்டத்தை வெச்சுக்கிட்டு அதையும் பாத்துக்கிட்டீங்களே சேச்சி. உங்களால ஆனதெல்லாம் செஞ்சீங்க" என்றாள். அவள் கையில் அத்திப்பால் கறை இன்னும் இருந்தது, நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கூட்டில் ஒன்றும் இல்லை. பிரதீப்பிடம் போய்ச் சொன்னேன். இருந்தாலும் கம்பியில் ஒன்று செத்திருக்கிறதே சேச்சி, அந்தப் படம் எல்லார் கையிலும் இருக்கிறதே என்கிறார். ஆகவேதான் வந்தேன். கம்பி கொல்லவில்லை. நான் கொன்றேன். படம் பொய். இதை எழுதி எங்கே அனுப்ப வேண்டுமோ அங்கே அனுப்புங்கள். லைன் சோலை வழியே போகட்டும். என்னை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், வீட்டை மட்டும் தொட வேண்டாம். அவர் இருந்த வீடு சார்.

அவர் இருக்கிற வரைக்கும்தானே அந்த வீடு என்று நீங்கள் கேட்கிறீர்கள். மானேஜர் அப்படித்தான் சொன்னார், வாஸ்தவம். அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். முதலில் லைன் போகட்டும்.

கதவை ஒரு தடவையாவது திறந்திருக்கலாமே என்று சந்துரு எழுதுவதை விட்டுவிட்டுக் கேட்கிறான். சின்னப் பையன், கண் கலங்கியிருக்கிறது. கேள் தம்பி. ஒரு மத்தியானம் அவர்கள் எல்லாரும் மேலே அளக்கப் போயிருந்தார்கள். முற்றத்தில் யாரும் இல்லை. நான் குனிந்து கதவிடுக்கில் காதை வைத்தேன். மூச்சு கேட்டது. "இங்கேருங்க" என்றேன். பேச முடியாமல் பேசினார். தனக்கு ஒன்று வேண்டும் என்று கேட்கவில்லை. பசிக்கிறது என்றோ திற என்றோ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் திறந்திருப்பேன், மாதா சத்தியமாகத் திறந்திருப்பேன். "அதுக்குக் குடுத்தியா?" என்றுதான் கேட்டார்.

"குடுத்தேன்" என்றேன்.

"கையக் காட்டு" என்றார்.

கதவு பூட்டியிருந்தது சார். நான் எப்படிக் காட்டுவேன்?